அறுபது வயதில் யாரை யார் தூக்குவது?

சங்கத்துச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டது ஒரே ஒரு உதவிதான்: எல்லோர் முன்னாலும் தோற்றுப்போக வேண்டும். அதைக்கூட அந்த மனிதரால் உருப்படியாகச் செய்ய முடியவில்லை.

விஷயம் இதுதான். தீயணைப்பு வீரர்கள் இதுவரை ஐம்பத்தெட்டு வயதில் முழு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்கள். இனிமேல் அறுபத்திரண்டு வரை வேலை செய்ய வேண்டும் என்று புதிய விதி வரப்போவதாக அறிவித்தார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. வருடா வருடம் ஓர் உடல்தகுதித் தேர்வு வேறு. அதில் தவறினால் வேலை போய்விடும். ஓய்வூதியம் அறுபத்திரண்டு வந்த பிறகுதான், அதுவும் வெட்டிக் குறைத்துத்தான். நடுவில் உள்ள வருடங்களில் எதைச் சாப்பிடுவது என்று விதி எழுதியவர்கள் எழுதவில்லை. அவர்கள் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்.

என் தம்பிக்கு ஐம்பத்தொன்று. அவனும் என் வீட்டுக்காரர் இருக்கும் அதே தீயணைப்பு நிலையத்தில்தான் வேலை பார்க்கிறான். சேர்த்துவிட்டதே அவர்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெயின்ட் கிடங்கு எரிந்தபோது, உள்ளே மயங்கிக் கிடந்த காவலாளிக்குத் தன் முகமூடியைக் கழற்றி மாட்டிவிட்டு இழுத்து வந்தான். காவலாளி பிழைத்துக்கொண்டார். தம்பியின் நுரையீரல் பாழாகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு மாடி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நிலையத்தில் யாரும் இதை மேலே சொல்லவில்லை. அவன் கீழே நின்று பம்ப்பைப் பார்த்துக்கொள்வான், மற்றவர்கள் அவனுக்கும் சேர்த்து ஏறுவார்கள். புதிய தேர்வு வந்துவிட்டால் இந்தச் சமாளிப்பெல்லாம் நடக்காது. அவன் தோற்பான், அவன் குடும்பம் தெருவுக்கு வரும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

செயலாளர் வந்த அன்று தம்பியும் கூட வந்திருந்தான். செயலாளர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு திட்டத்தைச் சொன்னார்.

"இந்தத் தேர்வை அறுபது வயசு ஆளு யாரு வேணாலும் முடிச்சிடலாம்னு துறையில சொல்றாங்க அண்ணே. சரி, நாமே மைதானத்துல நடத்திக் காட்டுவோம். டிவிக்காரங்க, பத்திரிகைக்காரங்க எல்லாம் வருவாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கிறதுலயே மூத்த ஆளு நீங்க. நீங்க ஏறுங்க."

"நடிக்கச் சொல்றீங்களா?" என்றார் இவர்.

"நடிப்பெல்லாம் வேணாம். இயல்பா ஏறுங்க. உடம்பு எங்க போதும்னு சொல்லுதோ அங்க உட்கார்ந்திடுங்க. மத்ததை நான் பேசிக்கிறேன்."

"மூணாவது மாடியிலேயே சொல்லிடும்" என்றேன் நான். "போன வாரம்தான் முதுகு முழுக்க மருந்து தேய்ச்சு விட்டேன்."

இவர் என்னை முறைத்தார். நிலையத்தில் இவருக்கு 'ஏணி' என்று பட்டப்பெயர். ஆள் உயரம் என்பதற்காக வைத்த பெயர் இல்லை. ஏறுகிற வேகத்துக்கு வைத்தது. முப்பது வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு மனிதருக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

"நீங்க உட்கார்ற இடத்துலதான் என் பிழைப்பே இருக்கு மாமா" என்று தம்பி சிரித்தான். "பார்த்து நல்ல இடமா உட்காருங்க."

"உட்கார்றேன் மாப்ளே" என்றார் இவர்.

தேர்வு என்றால் இதுதான்: முழு உடுப்பு, முதுகில் சிலிண்டர், தோளில் தண்ணீர்க் குழாய்ச் சுருள். இந்தக் கோலத்தில் பயிற்சிக் கோபுரத்தின் ஐந்து மாடியையும் ஏற வேண்டும். மேலே ஆள் கனத்தில் ஒரு மணல் பொம்மை கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு குறித்த நேரத்துக்குள் கீழே வர வேண்டும்.

அன்று மைதானத்தில் நல்ல கூட்டம். சங்கத்துக்காரர்கள் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்கள் பிடித்திருந்த தட்டிகளில் 'அறுபது வயதில் யாரை யார் தூக்குவது?' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. யாரும் சத்தம் போடக் கூடாது, கை தட்டக் கூடாது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றால் போதும் என்று செயலாளர் முன்பே சொல்லிவைத்திருந்தார். துறை அதிகாரிகள் இரண்டு மூன்று பேர் ஓரமாக ஒரு பெரிய குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கோபுரத்துக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாது, அதனால் எல்லாம் தெரிந்தது. முதல் மாடியை ஒழுங்காக ஏறினார். இரண்டாவதில் மெதுவானார். மூன்றாவது மாடியில் நின்று, குழாய்ச் சுருளை இறக்கி வைத்து, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். கேமராக்கள் நிமிர்ந்தன. செயலாளர் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். போதும், உட்காருங்க என்று நான் மனதுக்குள் சொன்னேன். அவரும் உட்காரத்தான் போனார். ஒரு கை சுவரைத் தேடியதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது கூட்டத்தில் யாரோ ஒரு பெண், நல்ல மனசுக்காரியாகத்தான் இருக்க வேண்டும், உரக்கச் சொன்னாள்: "ச்சு, பாவம் தாத்தா. விட்டுடச் சொல்லுங்கப்பா."

எங்கள் மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மேலே குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. அந்தத் தலை அப்படி நிமிர்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதோடுதானே இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறேன். சுருளைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.

நான்காவது மாடியில் தடுமாறினார். அங்கேயாவது நின்றிருப்பார். ஆனால் கீழே நின்றவர்கள் யார்? எல்லோரும் தீயணைப்பு வீரர்கள். தங்களில் ஒருவன் சுமையோடு படியில் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்க அவர்களுக்குத் தெரியாது. "விடாதீங்கண்ணே" என்று ஒருவன் குரல் கொடுத்தான். அவ்வளவுதான். தட்டிகளைக் கீழே போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் 'ஏணி, ஏணி' என்று கத்த ஆரம்பித்தது. செயலாளர் "தோழர்களே, தோழர்களே" என்று ஒலிபெருக்கியில் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது என் தம்பிதான். கத்திவிட்டு வெகுநேரம் இருமினான். நானும் கை தட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது.

பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்து நின்றார். குடைக்கடியில் இருந்த பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று அவரும் கை தட்டினார். அவர் தட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குக் கை நின்றது. செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து தட்டிகளைப் பொறுக்கினார்கள்.

வீட்டுக்கு வரும்வரை நிமிர்ந்துதான் நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் படுக்கை நனைந்திருந்தது. கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை, கை தோளுக்கு மேல் வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல, எழுப்பியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றேன்.

"எழுப்ப வெக்கமா இருந்துச்சு" என்றார் சுவரைப் பார்த்து.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, என் முதுகில் சாய்த்து, குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் கனத்தில் நான் பாதிகூடக் கிடையாது. எரிந்த வீடுகளிலிருந்து எத்தனையோ பேரைச் சுமந்து வந்த ஆள், ஒரு முக்காலியில் உட்கார்ந்து நான் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சோற்றைக் கரண்டியில் ஊட்டினேன்.

"டாக்டரைக் கூப்பிடவா?"

"வேணாம். டாக்டர் வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும். நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. உன் தம்பிகிட்டகூட."

"சரி."

"சரின்னா போதாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். நிலையத்திலிருந்து போன் வந்தபோது, ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக் கல்யாணம், வெளியூரில் இருக்கிறோம் என்று சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கம் இல்லாத வேலை இல்லை. இப்படியாக நாங்கள் இருவரும் எங்கள் படுக்கையறையிலேயே வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தோம்.

அந்தக் கல்யாணத்தின் நடுவில் ஒரு மத்தியானம் தம்பி வந்தான். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவன் ஏறி வருகிற இருமல் முதல் மாடியிலிருந்தே கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வந்தான். கதவைத் தட்டி "அக்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து "மாமா" என்றான். கட்டிலில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடப் பிறந்தவன் வெளியே நிற்கிறான், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கிப் போனான்.

அவன் போன பிறகு கதவைத் திறந்து பார்த்தேன். வாசலில் இவருடைய செருப்பும் என்னுடைய செருப்பும் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒருவழியாக எழுந்து நடந்து, வேலைக்கும் திரும்பினார். அதற்குள் துறையில், டிவிக்காரர்கள் அன்று எடுத்த படத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடியில் குனிந்து நின்றதை வெட்டிவிட்டு, பொம்மையோடு இறங்கி வருவதை மட்டும் எல்லா நிலையத்துக்கும் அனுப்பினார்கள். ஐம்பத்தேழு வயதுக்காரர் முடிக்கிறார், முடியாதவர்கள் உடம்பைப் பேணாத சோம்பேறிகள் என்று பெரிய அதிகாரி டிவியில் பேசினார். நிலையத்துக் கூடத்தில் இவருடைய படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட முடியாமல் இவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை வண்டிக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனாராம். யாரும் இவரைத் திட்டவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், அதுதான் தாங்கவில்லை.

தம்பி பெண்டாட்டி எனக்குப் போன் செய்தாள்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா அண்ணி?"

"நடந்துச்சும்மா."

"மாமா படத்தைப் பார்த்தோம். நல்லா ஏறியிருக்கார்" என்றாள். குரலில் ஒரு குத்தல்கூட இல்லை. "இவரும் இப்ப தினமும் மாடிப்படி ஏறிப் பழகுறார். மாமாவால முடிஞ்சா என்னாலயும் முடியணும்லங்கிறார். நேத்து இருமும்போது கைக்குட்டையில ரத்தம். நீங்க சொன்னா கேப்பார், கொஞ்சம் சொல்லுங்க அண்ணி."

அன்று எனக்கும் இவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. "சங்கத்துக்காரங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க" என்றேன். "அப்புறம் நான் எப்படி அந்த வண்டியில ஏறுவேன்" என்றார். நான் கத்தினேன். அவர் எழுந்து போய்ச் சட்டையை இஸ்திரி போட்டார்.

புதிய விதி மேல் ஆட்சேபம் கேட்க ஒரு குழு போட்டிருந்தார்கள். நகர மண்டபத்தில் வைத்து விசாரணை. மேடையில் மூன்று பேர். நடுவில் தலைவி, நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று மண்டபத்தின் நடுவில் ஒரு மைக் வைத்திருந்தார்கள். முதலில் பெரிய அதிகாரி படத்தைப் போட்டுக் காட்டினார். எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பி கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அதைப் பார்த்தான்.

செயலாளர் இவரை மைக்குக்கு அழைத்தார். உள்ளது தெரியாவிட்டாலும் எதையோ மோப்பம் பிடித்திருந்தார் போலிருக்கிறது.

"தேர்வுக்கு மறுநாள் வேலைக்கு வந்தீங்களா அண்ணே?"

"லீவு. ஒரு கல்யாணம்."

"உடம்பு எப்படி இருந்துச்சு?"

மண்டபம் முழுக்க அவரைப் பார்த்தது. பெரிய அதிகாரியும் பார்த்தார், இளம் வீரர்களும் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

செயலாளர் கையிலிருந்த தாளை மடித்தார். பிறகு "நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் பிடரியில் முடி வெளுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இந்தப் பிடரியைப் பிடித்துத்தான் சின்ன வயதில் அவனைக் குளிப்பாட்டுவேன்.

நான் எழுந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. இவர் இன்னும் மைக்கை விட்டு நகரவில்லை, அதனால் அவர் பக்கத்திலேயே போய் நிற்க வேண்டியதாயிற்று.

"நான் இவர் சம்சாரம். கல்யாணம் எதுவும் இல்லம்மா" என்றேன். குரல் ஒலிபெருக்கியில் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இவரு வீட்டுலதான் படுத்திருந்தாரு. எழுந்திருக்க முடியல. நான்தான் தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டினேன். சோறு ஊட்டினேன். ராத்திரி படுக்கையிலேயே..." அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. "படுக்கையிலேயே போயிட்டாரு. பச்சைப் பிள்ளை மாதிரி. அவரால முடிஞ்சுது முடிஞ்சுதுன்னு படம் போடறீங்க. முடிச்ச ஆளு எப்படிக் கிடந்தாருன்னு நான்தானே பார்த்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் தோளுக்குப் பக்கத்தில் அவருடைய தோள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதருடைய மானத்தை அவர் காது கேட்கக் கப்பலேற்றிவிட்டு, எந்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பது?

பெரிய அதிகாரி எழுந்தார். "மேடம், இந்தம்மாவோட தம்பியும் எங்க நிலையத்துலதான் இருக்கார். புது விதி வந்தா அவருக்கு அடுத்த மாசமே தேர்வு. அதையும் குழு கவனிக்கணும்."

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். "உங்க மனைவி சொல்றது உண்மையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பிக்காகப் பொய் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இவருடைய படம் சுவரிலேயே இருக்கும். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன்.

"அவ குறைச்சுச் சொல்றா" என்றார்.

மைக்கை வலது கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இடது கை இன்னும் தோளுக்கு மேல வரலைங்க. யாருக்கும் தெரியாம சமாளிச்சிட்டு இருக்கேன். போன வாரம் ஒரு வீட்டுல தீ. மாடி ஜன்னல்ல ஒரு பொம்பளை நின்னுட்டு இருந்தாங்க. நான்தான் ஏணியில முதல்ல ஏறினேன். பாதியில கை விட்டுப்போச்சு. மேலயும் போக முடியல, கீழயும் இறங்க முடியல. பின்னால வந்த பையன் என் முதுகு மேல கால் வெச்சுத் தாண்டிப் போய் அவங்களை இறக்கினான். அவன் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அவனுக்கு என் மேல அவ்வளவு மரியாதை." அவர் மூக்கை உறிஞ்சினார். "அந்தம்மா பிழைச்சிட்டாங்க. ஆனா நான் வழியை அடைச்சுட்டு நின்னேன்."

இது எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இதை எனக்கே சொல்லவில்லை.

குழு கடைசியில் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடவில்லை. வயதை அறுபத்திரண்டிலிருந்து அறுபதாகக் குறைத்தார்கள். வேலையில் அடிபட்டு நுரையீரலோ கை காலோ கெட்டவர்களுக்குத் தேர்வு கிடையாது, முழு ஓய்வூதியத்தோடு போகலாம் என்றும் எழுதினார்கள். சங்கம் இதை வெற்றி என்று துண்டுச்சீட்டு அடித்துக் கொடுத்தது. தம்பி அந்த மாதமே முழு ஓய்வூதியத்தோடு ஓய்வுபெற்றுவிட்டான். நன்றி சொல்ல என்னிடம் வந்தவன், சொல்லத் தெரியாமல், எங்கள் சமையலறைக் குழாயைக் கழற்றிச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இவரை விசாரணைக்கு மறுநாளே தீயணைப்பு வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது கிடங்கில் இருக்கிறார். நனைந்த குழாய்களைக் காயப்போட்டுச் சுருட்டி அடுக்குகிற வேலை. மணி அடித்தால் மற்றவர்கள் ஓடுகிறார்கள், இவர் கதவைத் திறந்துவிடுகிறார். கூடத்திலிருந்த படத்தை யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை.

என்னிடம் கோபமே காட்டவில்லை. காட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி முடித்திருப்பேன். ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"அன்னைக்கு நீ எழுந்திரிச்சு வந்தியே. எனக்காக வந்தியா, உன் தம்பிக்காக வந்தியா?"

மின்சாரப் புகார் அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. ஆள் கிளம்பிவிட்டார், இதோ வந்துவிடுவார் என்று நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கூசாமல் பொய் சொல்லி ஆறுதல் கொடுக்கிறவள் நான். அன்றைக்கென்று வாயில் உண்மைதான் வந்தது.

"தம்பிக்காக" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"எனக்காகன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். "நான் நம்பியிருப்பேன்."